ஊசியில் கட்டம்: வீட்டிலேயே பின்னும் கட்டம் போட்ட கம்பளிப் போர்வை

தறியில் கட்டம் தானாக விழும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் நிறம் மாற்றி ஓட்டி, அதே கணக்கில் குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் நிறம் மாற்றினால், இரண்டும் குறுக்கிடும் இடமெல்லாம் கட்டம். லுங்கியும் மெட்ராஸ் செக்ஸ் சட்டைத் துணியும் இப்படித்தான் நெய்யப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் கட்டம் போட்ட டார்ட்டன் துணியும் அதே வழிதான், நெசவு மட்டும் வேறு. கட்டத் துணியைப் பிளெய்டு என்று ஆங்கிலத்தில் சொல்கிறோமே, அந்தச் சொல்லே ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் போர்வையைக் குறித்த சொல்தான்.

ஊசியில் பின்னும்போது பாவு கிடையாது. ஒரே நூல் இடமும் வலமுமாகப் போய்வருகிறது. படுக்கைக் கோடு எளிதாக வந்துவிடும், இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் போதும். நிற்கும் கோடுதான் சிக்கல். ஒவ்வொரு கோட்டுக்கும் தனி நூல் உருண்டை தொங்கவிட்டுப் பின்னலாம். ஆனால் 27 கோட்டுக்கு 27 உருண்டை என்றால் பின்னுவதைவிடச் சிக்கெடுக்கவே நேரம் போகும். பின்புறம் நூலை இழுத்துக்கொண்டு போகும் முறையில் போர்வை இரட்டைத் தடிமனாகி, உள்பக்கம் விரல் மாட்டும்.

இரண்டையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. படுக்கைக் கோடுகளை ஊசியில் பின்னிக்கொண்டே போகும்போது, நிற்கும் கோடு வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு கண்ணி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் விட்டுவிட வேண்டும். போர்வை முடிந்த பிறகு, முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால் அந்த வாய்க்காலில் சங்கிலி போட்டு நிரப்ப வேண்டும். சங்கிலி பள்ளத்தில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பின்னலோடு சமமாகிவிடும். பின்னாளில் பார்ப்பவருக்கு அது தனியாகப் போட்டது என்றே தெரியாது. ஊடை முதலில், பாவு பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள கணக்கு ஏறத்தாழ 100 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம் உள்ள போர்வைக்கு. சோபாவில் கால்மேல் போட்டுக்கொள்ளவும், ஒருவர் தோளோடு போர்த்திக்கொள்ளவும் இது சரியாக இருக்கும். பின்னலின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் கைவந்திருந்தால் போதும். குரோஷாவில் சங்கிலி மட்டும் தெரிந்தால் சரி.

நூலும் ஊசியும்

நடுத்தரத் தடிமன் உல்லன் நூல் வேண்டும். கடையில் 4 பிளை, 8 பிளை என்று சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிளை என்பது எத்தனை இழை சேர்த்து முறுக்கியது என்பதைத்தான் சொல்லும், இழை எவ்வளவு தடிமன் என்று சொல்லாது. லேபிளில் 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 190 முதல் 210 மீட்டர் என்றிருந்தால் இந்தக் கணக்குக்குப் பொருந்தும்.

அரக்கு நிறம் 400 கிராம், பாட்டில் பச்சை 250 கிராம், சந்தன நிறம் 100 கிராம். உண்மையில் செலவாவது மொத்தம் 600 கிராம் அளவுதான். ஆனால் அரக்கு நூல் கடைசி இரண்டு வரிசையில் தீர்ந்துபோய், திரும்பக் கடைக்குப் போனால் அதே சாயத் தொட்டியின் நூல் கிடைக்காது. லேபிளில் சாயத் தொகுதி எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள், எல்லாப் பந்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வேறு வழியில்லாமல் இரண்டு தொகுதி கலந்துவிட்டால், ஓர் அரக்குப் பட்டை முடிந்து அடுத்த அரக்குப் பட்டை தொடங்கும்போது மாற்றுங்கள். நடுவில் பச்சையும் சந்தனமும் வருவதால் சாய வித்தியாசம் கண்ணில் படாது. ஒரே பட்டையின் நடுவில் மாற்றினால் கோடு கிழித்த மாதிரி தெரியும்.

வேறு நிறம் எடுப்பதாக இருந்தால் மூன்று பந்தையும் ஒன்றாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். மூன்றும் மூன்று அளவு கருமையாகத் தெரிய வேண்டும். அரக்கும் பச்சையும் அருகருகே எடுப்பாகத் தெரிந்தாலும், கருமை ஒன்றாக இருந்தால் நாலு அடி தள்ளிப் பார்க்கையில் இரண்டும் கலந்து சேற்று நிறமாகிவிடும். அந்தச் சமயத்தில் பச்சையை இன்னும் ஆழமாகவோ, அரக்கைச் செங்கல் பக்கமாகவோ மாற்றுங்கள். இதுபோன்ற கட்டத்துக்கு உயிர் கொடுப்பது அந்தச் சந்தனக் கோடுதான், அது மட்டும் தயங்காமல் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

அக்ரிலிக்கா, ஆட்டுக் கம்பளியா? ஏசி அறைக்கும் அடிக்கடி மெஷினில் போடும் வீட்டுக்கும் அக்ரிலிக் போதும், விலையும் குறைவு. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கும் டொராண்டோ, லண்டன் குளிருக்கும் கம்பளி நூலுக்கு நிகர் இல்லை. ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டும் சூட்டைத் தக்கவைக்கும். பருத்தி நூல் இந்தப் போர்வைக்கு வேண்டாம். கனம் அதிகம், நீளவாட்டில் தொய்ந்து கட்டங்கள் செவ்வகமாகிவிடும்.

ஊசி 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் எண் போட்ட ஊசியானால் 6 ஆம் எண். அந்த முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், 8 ஆம் எண் என்பது 4 மி.மீ. தான். 183 கண்ணி ஏற்ற வேண்டியிருப்பதால் நேர் ஊசி போதாது. 80 அல்லது 100 செ.மீ. நீளம் உள்ள வட்ட ஊசி வாங்குங்கள். வட்டமாகப் பின்னப் போவதில்லை, நேர் ஊசி மாதிரியே திருப்பித் திருப்பிப் பின்னுவதுதான். எடை மடியில் உட்கார்ந்துகொள்ளும், மணிக்கட்டு தப்பிக்கும். இவற்றோடு 4.5 அல்லது 5 மி.மீ. குரோஷா ஊசி, மொட்டை முனை உல்லன் ஊசி, கத்தரி, டேப், இருபது அடையாள வளையம். வளையம் இல்லாவிட்டால் வேறு நிற நூலில் சின்ன முடிச்சு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

கட்டத்தின் கணக்கு

அளவு இதுதான்: 18 கண்ணிக்கு 10 செ.மீ., 24 வரிசைக்கு 10 செ.மீ. கண்ணியின் அகலம் அதன் உயரத்தைவிட அதிகம், அதனால்தான் 18-க்கு 24. கண்ணியும் வரிசையும் ஒரே எண்ணிக்கையில் வைத்தால் கட்டம் நசுங்கிய மாதிரி அகலவாட்டில் கிடக்கும். முதல்முறை கட்டம் போடுபவர்கள் அநேகமாகச் செய்யும் பிழை இது.

ஒரு கட்டம் என்பது 18 கண்ணி, 24 வரிசை. வரிசைக் கணக்கு: அரக்கு 14, பச்சை 4, சந்தனம் 2, பச்சை 4. எல்லாமே இரட்டைப்படை எண், அதனால் நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நூல் ஒரே ஓரத்தில் காத்திருக்கும். கண்ணிக் கணக்கு: 11 நிட், பிறகு பர்ல் 1, நிட் 2, பர்ல் 1, நிட் 2, பர்ல் 1. இந்த மூன்று பர்ல்தான் வாய்க்கால். இரு ஓரத்து வாய்க்காலில் பச்சைச் சங்கிலி, நடுவில் சந்தனச் சங்கிலி. படுக்கைப் பட்டை 10 வரிசை, அதாவது 4 செ.மீ.க்குச் சற்றே மேல். நிற்கும் பட்டை 7 கண்ணி, அதாவது 4 செ.மீ.க்குச் சற்றே கீழ். இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

நிற்கும் பட்டையில் சங்கிலிகளுக்கு நடுவே உள்ள இரண்டு இரண்டு நிட் கண்ணிகள் அந்தந்த வரிசையின் நிறத்திலேயே இருக்கும். அரக்குப் பகுதியில் அரக்கும் பச்சையும் மாறிமாறி வரும், பச்சைப் பட்டையைக் கடக்கும்போது பச்சையோடு பச்சை சேர்ந்து கெட்டியான சதுரமாகும். நெய்த கட்டத்திலும் இப்படித்தான் ஒரே நிறப் பாவும் ஊடையும் சந்திக்கும் இடம் மட்டும் ஆழமாகவும் மற்ற இடம் கலப்பாகவும் தெரியும். ஒரு லுங்கியைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். இந்தக் கலப்பு இருப்பதால்தான் இந்த முறை மற்ற பின்னல் முறைகளைவிட நெய்த கட்டத்துக்கு நெருக்கமாக வருகிறது.

முதலில் மாதிரித் துண்டு

இதைத் தவிர்க்காதீர்கள். சுமார் 16 கிராம் நூலும் ஒரு மாலையும் செலவாகும். இதைச் செய்யாமல் விட்டால் பாதிப் போர்வையைப் பிரிக்க நேரிடலாம். ஓரத்துக்கு 3, நடுவில் 29 (ஒரு கட்டத்தின் 18, பிறகு 11 நிட்), ஓரத்துக்கு 3 என்று 35 கண்ணி ஏற்றி, நான்கு வரிசை நிட், பிறகு அரக்கு 14, பச்சை 4, சந்தனம் 2, பச்சை 4, அரக்கு 14 என்று 38 வரிசை பின்னி, நான்கு வரிசை நிட் போட்டு மூடுங்கள். மூன்று சங்கிலியையும் போட்டு, போர்வையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவையுங்கள். பிறகு அளந்து பாருங்கள்.

முதல் அரக்குப் பட்டை தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த அரக்குப் பட்டை தொடங்கும் இடம் வரை 10 செ.மீ. இருக்க வேண்டும். குறுக்கேயும் அதே மாதிரி, ஒரு 11 நிட் தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த 11 நிட் தொடங்கும் இடம் வரை 10 செ.மீ. அகலம் 9 செ.மீ. என்றால் கை இறுக்கம், 5.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 11 வந்தால் 4.5 மி.மீ. அகலம் சரியாக இருந்து உயரம் மட்டும் தப்பினால் ஊசியைத் தொடாதீர்கள், அரக்கின் 14 வரிசையை 12 அல்லது 16 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அடர்நிறக் கம்பளி நூலானால் துவைக்கும்போது அரக்குச் சாயம் சந்தனத்தில் இறங்குகிறதா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். இறங்கினால் அந்த நூலை வைத்து மேலே போகாதீர்கள்.

பின்னத் தொடங்குவது

அரக்கில் 183 கண்ணி ஏற்றுங்கள். வால் நூல் விட்டு ஏற்றும் முறையில் ஏற்றினால் 4 மீட்டர் வால் விடுங்கள், 175 ஆவது கண்ணியில் வால் தீர்ந்துபோவதைப் போல எரிச்சல் வேறு இல்லை. ஒவ்வொரு 20 கண்ணிக்கும் ஒரு வளையம் மாட்டிக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப எண்ண வேண்டாம். கண்ணிகள் ஊசியில் தாராளமாக நகர வேண்டும். அடி விளிம்பு இறுகிவிட்டால் போர்வை கீழே குறுகி மேலே விரிந்து, கவிழ்த்த முறம் மாதிரி ஆகிவிடும். கை இறுக்கமானவர்கள் ஏற்றுவதற்கு மட்டும் 6 மி.மீ. ஊசி எடுங்கள்.

முதல் 8 வரிசை முழுக்க நிட். இந்த மேடுபள்ளப் பின்னலுக்குக் கார்ட்டர் என்று பெயர். விளிம்பு சுருளாமல் படுத்துக் கிடக்க இது வேண்டும். ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று வரும் பின்னலுக்குச் சுருளும் குணம் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, ஓரம் கட்டித்தான் அடக்க வேண்டும்.

அதன் பிறகு நேர்ப்பக்க வரிசை, மறுபக்க வரிசை இரண்டும் மாறிமாறி வரும்.

நேர்ப்பக்கம்: 5 நிட். பிறகு (11 நிட், 1 பர்ல், 2 நிட், 1 பர்ல், 2 நிட், 1 பர்ல்) என்பதை 9 முறை. கடைசியில் 11 நிட், 5 நிட்.

மறுபக்கம்: 5 நிட், 11 பர்ல். பிறகு (1 நிட், 2 பர்ல், 1 நிட், 2 பர்ல், 1 நிட், 11 பர்ல்) என்பதை 9 முறை. கடைசியில் 5 நிட்.

இரு ஓரத்து 5 கண்ணி எப்போதும் நிட், அது பக்கவாட்டுக் கார்ட்டர். ஓரத்து ஐந்துக்கு அடுத்தும், ஒவ்வொரு 18 கண்ணிக் கூட்டு முடியும் இடத்திலும் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள். இரண்டு வளையத்துக்கு நடுவே 18 என்பது கைக்குப் பழகிவிட்டால், பிழை எங்கே நடந்தது என்று அந்தக் கூட்டிலேயே தெரிந்துவிடும், 183-ஐயும் எண்ண வேண்டியதில்லை.

அரக்கு 14, பச்சை 4, சந்தனம் 2, பச்சை 4 என்ற 24 வரிசையை 12 முறை செய்து, கடைசியில் இன்னொரு அரக்கு 14 வரிசை. மொத்தம் 302 வரிசை. பிறகு அரக்கிலேயே 8 வரிசை முழு நிட் போட்டுக் கண்ணிகளை மூடுங்கள். மூடும்போதும் ஒரு எண் பெரிய ஊசி நல்லது, ஏற்றிய தளர்வும் மூடிய தளர்வும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வரிசை எண்ணிக்கையை நினைவில் வைக்காதீர்கள். ஒரு தாளில் 24 கட்டம் வரைந்து பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே போங்கள்.

நிறம் மாற்றும்போது, சந்தனத்தின் இரண்டு வரிசை நடக்கையில் பச்சையை வெட்ட வேண்டாம், ஓரத்தில் காத்திருக்கட்டும். அரக்கையும் வெட்டாமல் 10 வரிசை மேலே கொண்டுபோகலாம், ஆனால் ஒவ்வொரு நேர்ப்பக்க வரிசைத் தொடக்கத்திலும் பின்னும் நூலை அரக்கு நூலோடு ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது ஓரத்தில் நீள வளையம் தொங்காது. இழுத்துப் பிடிக்காதீர்கள். அந்த 4 செ.மீ. நூல் இறுகினால் ஓரம் முழுக்கப் பட்டைக்குப் பட்டை சுருங்கும், அதை எந்தச் சலவையாலும் நேராக்க முடியாது. பச்சைப் பட்டையும் சந்தனமும் முடிந்ததும் வெட்டிவிடுங்கள், 14 வரிசை தூரம் இழுத்துக்கொண்டு போனால் அழகாக இராது. வால் 15 செ.மீ. விடுங்கள். அதற்குக் குறைந்தால் சொருக வராது.

நூல் பந்து தீர்ந்து புதுப் பந்து சேர்ப்பது எப்போதும் ஓரத்தில்தான். 183 கண்ணி பின்ன 3.5 மீட்டர் நூல் போகும். மிச்சம் அதற்குக் குறைவாகத் தெரிந்தால் அந்த வரிசையைத் தொடங்காதீர்கள்.

நிறம் மாறும் வரிசையில் பர்ல் கண்ணிகளின் மேல் இரண்டு நிறமும் கலந்து புள்ளியாகத் தெரியும். பார்த்துப் பதற வேண்டாம், சங்கிலி அதை மூடிவிடும்.

பின்னுகையில் தப்புவது

வாய்க்கால் இடம் மாறிவிடுவதுதான் அதிகம் நடக்கும். பர்ல் போட வேண்டிய இடத்தில் நிட் போட்டுவிட்டு ஆறு வரிசை கழித்துக் கவனிப்பீர்கள். பிரிக்க வேண்டாம். அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து விட்டுவிட்டு, பிழை நடந்த வரிசை வரை ஏணி மாதிரி இறங்கவிடுங்கள். பிறகு மறுபக்கமாகத் திருப்பி, குரோஷா ஊசியால் ஏணியின் ஒவ்வொரு படியையும் கண்ணி வழியாக இழுத்து மேலேற்றுங்கள். மறுபக்கத்தில் நிட்டாக ஏற்றுவது நேர்ப்பக்கத்தில் பர்ல்தான், இரண்டும் ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும். ஐந்து நிமிட வேலை.

அகலம் கூடிக்கொண்டே போனால் ஓரத்தில் முதல் கண்ணியின் இரு கால்களையும் இரண்டு கண்ணியாக எண்ணிப் பின்னுகிறீர்கள் என்று அர்த்தம். நூல் ஊசிக்கு மேலாகப் பின்புறம் போய்விட்டால் அப்படி ஆகும். நூலை ஊசிக்குக் கீழாகக் கொண்டுபோங்கள்.

பக்கவாட்டு ஓரம் நடுப்பகுதியைவிடக் குட்டையாக, போர்வையை இழுத்துப் பிடிப்பது போல வந்தால், கார்ட்டர் வரிசைகள் இயல்பாகவே குள்ளம் என்பதுதான் காரணம். ஒவ்வொரு அரக்குப் பட்டையின் நடுவிலும் ஓரத்து 5 கண்ணியை மட்டும் பின்னித் திருப்பி மறுபடி அந்த 5-ஐப் பின்னுங்கள், பிறகு வரிசையைத் தொடருங்கள். அடுத்த வரிசைத் தொடக்கத்தில் மறு ஓரத்துக்கும் அப்படியே. திருப்பிய இடத்தில் வரும் சின்ன ஓட்டை கார்ட்டர் மேட்டில் மறைந்துவிடும்.

பாவு ஓட்டுவது: சங்கிலிக் கோடு

போர்வையின் அழகு இங்கேதான் தீர்மானமாகிறது, நிதானமாகச் செய்யுங்கள். பின்னி முடித்த கையோடு தொடங்க வேண்டாம். வாய்க்கால்கள் சுருங்கி, பக்கத்து நிட் கண்ணிகள் அவற்றின்மேல் சாய்ந்து கிடக்கும். போர்வையை நனைத்துப் பிழிந்து பரப்பி, அல்லது அக்ரிலிக்கானால் 3 செ.மீ. உயரத்திலிருந்து ஆவி காட்டி, கையால் அகலவாட்டில் தட்டிவிட்டுக் காயவையுங்கள். இஸ்திரிப் பெட்டி நூலில் படக்கூடாது. அக்ரிலிக் இழை சூட்டில் இளகி, பிறகு துவண்டு, பளபளவென்று ஆகிவிடும், திரும்பப் பழையபடி எழும்பாது.

காய்ந்ததும் மேசையில் அல்லது தரையில் விரித்து வைத்துச் செய்யுங்கள். மடியில் தொங்கவிட்டுச் செய்தால் போர்வையின் எடை கீழே இழுக்க, நீண்ட நிலையில் சங்கிலி போடுவீர்கள். எடுத்து மேசையில் வைத்ததும் அது சுருங்கும், சங்கிலி சுருங்காது, கோடு நெளியும்.

நூல் எப்போதும் போர்வைக்கு அடியில், குரோஷா ஊசி மேலே. வாய்க்காலில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்ன மேடு படிக்கட்டு மாதிரி தெரியும். அடி விளிம்புக் கார்ட்டர் முடிந்து முதல் அரக்கு வரிசை தொடங்கும் இடத்தில், முதல் இரண்டு மேட்டுக்கு நடுவே ஊசியை நேராகக் கீழே இறக்குங்கள். அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே ஒரு வளையம் இழுங்கள், வால் 15 செ.மீ. அடியிலேயே இருக்கட்டும். அடுத்த மேட்டைத் தாண்டி ஊசியை மறுபடி இறக்கி நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் வளையம் வழியாகவும் இழுத்துவிடுங்கள். ஒரு சங்கிலி ஆயிற்று.

ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு சங்கிலி போடக்கூடாது. சங்கிலியின் நீளம் வரிசையின் உயரத்தைவிட அதிகம், எல்லா மேட்டிலும் போட்டால் கோடு புழு மாதிரி நெளியும். நான்கு வரிசைக்கு மூன்று சங்கிலி என்பதே கணக்கு: ஒன்று, ஒன்று, ஒன்று, பிறகு ஒரு மேட்டைத் தாண்டிப் போங்கள். ஆக 24 வரிசைக்கு 18 சங்கிலி. முழுக் கோட்டுக்கு 226. ஒரு கட்டம் முடியும்போது 18 இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஒரு கோட்டில் 226-ம் பக்கத்துக் கோட்டில் 240-ம் இருந்தால் ஒன்று இறுகி, மற்றது தொங்கி, நடுவில் துணி அலையடிக்கும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி. ஒரு கட்டத்துக்குச் சங்கிலி போட்டதும் அந்த இடத்தை இரண்டு கையாலும் நீளவாட்டில் இழுத்துவிடுங்கள். துணி நீளும்போது சங்கிலியும் கூடவே வந்தால் சரி. சங்கிலி மட்டும் கம்பி மாதிரி விறைத்து நின்றால் இறுக்கம், குரோஷா ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். இழுக்காமல் விட்ட நிலையில் சங்கிலி பள்ளத்திலிருந்து எழும்பி நின்றால் தளர்வு. இந்தப் போர்வையில் வரும் குறைகளில் பெரும்பாலானவை இறுகிய சங்கிலியால் வருபவைதான். கட்டங்கள் குமிழ் மாதிரி உப்பி நிற்கும்.

எல்லாக் கோட்டையும் அடியிலிருந்து மேலாகவே போடுங்கள். பின்னலில் கண்ணிகள் கூர்முனை கீழே உள்ள ஆங்கில வி எழுத்து மாதிரித் தெரியும். அடியிலிருந்து மேலே போகும் சங்கிலியும் அதே திசையில் வி காட்டும். ஒன்று மேலாகவும் அடுத்தது கீழாகவும் போட்டால் வெளிச்சம் படும்போது ஒன்றுவிட்டு ஒரு கோடு வேறு நிறமாகத் தெரியும்.

நடுக் கூட்டில் தொடங்கி, வலம் ஒன்று இடம் ஒன்று என்று வெளியே போங்கள். ஓர் ஓரத்திலிருந்து தொடங்கிப் போனால் துணி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய்க் கோணும். முதலில் 18 பச்சைக் கோடுகள், பிறகு 9 சந்தனக் கோடுகள் என்று செய்தால் நூல் மாற்றும் வேலை குறையும். ஒரு கோட்டுக்குச் சுமார் நாலரை மீட்டர் நூல் போகும், கோட்டின் நீளத்தைப்போல மூன்றரை மடங்கு. வெட்டி எடுத்துக்கொள்ளாமல் பந்திலிருந்தே போடுங்கள்.

மேல் கார்ட்டருக்கு ஒரு வரிசை கீழே வந்ததும் நூலை வெட்டி, கடைசி வளையம் வழியாக முழுதாக இழுத்து, அந்தச் சங்கிலியின் தலைக்கு மேலாக அடிப்பக்கம் இறக்கிவிடுங்கள்.

முனைகளைச் சொருகுவது

நூற்றுக்கும் மேல் முனைகள் இருக்கும்: பட்டைகளில் 48, சங்கிலிகளில் 54, பந்து மாற்றியவை தனி. எல்லாவற்றையும் கடைசிக்கு வைக்காமல், ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் அந்த நான்கு முனையைச் சொருகிவிட்டுத் தொடருங்கள். ஓரத்துக் கார்ட்டர் மேடுகளுக்குள் ஆறேழு மேடு ஓட்டி, திரும்பி மூன்று மேடு எதிர்த்திசையில் வாருங்கள். எதிர்த்திசை இல்லாவிட்டால் நாலு துவைப்பில் முனை வெளியே வந்துவிடும். முடிச்சு வேண்டாம், அக்ரிலிக் வழுக்கும் நூல், முடிச்சு அவிழும், உடம்பிலும் உறுத்தும். சங்கிலியின் முனைகளை மறுபக்கத்தில் அதே சங்கிலியின் அடி நூலுக்குள்ளேயே சொருகினால் நேர்ப்பக்கம் ஒன்றும் தெரியாது.

குஞ்சம் பிடிக்கும் என்றால் சங்கிலிகளின் வால்களை 25 செ.மீ. விட்டு, உல்லன் ஊசியால் கார்ட்டரின் பின்புறமாக விளிம்பு வரை இறக்கி, கூடவே அதே நிறத்தில் நான்கு நூல் சேர்த்துக் கட்டிவிடலாம். 54 முனை சொருகும் வேலை மிச்சம். நெய்த துணியில் பாவு நூலின் முனைதான் குஞ்சமாகத் தொங்குகிறது, இங்கேயும் அதே இடத்தில் அதே நிறம் வரும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் குஞ்சம் வேண்டாம், விரல் சிக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் இந்த மாதிரி தளர்வான போர்வையையே போடக்கூடாது.

துவைப்பும் காயவைப்பும்

அக்ரிலிக்கைச் சலவைப் பையில் போட்டு மெஷினில் மென்மையான சுழற்சியில், சாதாரணத் தண்ணீரில் துவைக்கலாம். கம்பளி நூலானால் மிதமான தண்ணீரில் மென்மையான திரவ சோப்பு விட்டு 20 நிமிடம் ஊறவிட்டு, கசக்காமல் அழுத்தி எடுங்கள். சுடுதண்ணீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு சுருங்கித் தடித்துவிடும், திரும்ப விரியாது. துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையில் நீண்டு, 10 செ.மீ. கட்டம் 12 ஆகிவிடும்.

நேரக் கணக்கு வேண்டுமென்றால்: சுமார் 58,000 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி என்ற நடுத்தர வேகத்தில் 32 மணி நேரம். சங்கிலி ஏறத்தாழ 6,100, அதற்கு ஒரு நாலு, ஐந்து மணி நேரம். முனை சொருக இன்னொரு மாலை. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐப்பசியில் தொடங்கி மார்கழிப் பனிக்கு முன்னால் போர்த்திக்கொள்ளலாம்.